விதைநெல் காத்தவர்

காற்பந்துச் செய்திகளைத் தவறாமல் படிக்கும் நண்பர்களுக்கு விளையாட்டாளர் பரிமாற்றம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஒரு குழு பணம் கொடுக்கும், மற்றொரு குழு ஆளைக் கொடுக்கும். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் இது சற்று வேறுபடும். அங்கே பெரும்பாலும் ஆளுக்கு ஆள்தான் பண்டமாற்று. இன்றைக்கு ஆடக்கூடிய ஒருவரைப் பெறுவதற்காக, இன்னும் நான்கைந்து ஆண்டு கழித்து ஆடப்போகும் பையன்களைக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வியாபாரம் சூடு பிடிப்பது ஜூலை மாதத்தில். ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். பந்து வீச்சாளர் ஒருவர் ஓர் ஆட்டத்தைத் தொடங்கினால் அடுத்த நான்கைந்து நாள் அவருடைய கைக்கு ஓய்வு தேவை. ஆகவே ஒரு குழுவுக்கு ஐந்து நல்ல வீச்சாளர்களாவது வேண்டும். கோடை நடுவில் பார்த்தால் ஒருவருக்குத் தோள் போயிருக்கும், இன்னொருவருக்கு முழங்கை போயிருக்கும். வெற்றி எட்டும் தூரத்தில் இருக்கும் குழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வீச்சாளரைத் தேடி அலையும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

1987 ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவுக்கு இந்த நிலைதான். அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற மூத்த வீச்சாளரை வாங்கினார்கள். அவர் அந்தப் பருவத்தின் மிச்ச நாட்களில் ஒன்பது ஆட்டங்களில் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் அடுத்த சுற்றில் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டங்களும் தோல்வி. கதை அதோடு முடிந்தது. அவருக்கு ஈடாக அட்லாண்டாவுக்குப் போனவர் 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். அந்தப் பையன் 213 ஆட்டங்களில் வென்று, 2015-இல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார்.

நம்மவர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டார்கள் என்று. ஆனால் பசித்தவன் முன்னால் நின்று அதைச் சொல்வது அவ்வளவு எளிதல்ல. பசிக்கும் விதைநெல்லுக்கும் இடையிலான இந்தக் கணக்கைத் தன் வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அவர் பெயர் பிராஞ்ச் ரிக்கி. பல்கலைக்கழக நூலகத்தில் ஜாக்கி ராபின்சனைப் பற்றித் தேடிப் படிக்கப் போனபோதுதான் எனக்கு ரிக்கி அறிமுகமானார். ராபின்சனைப் பேஸ்பாலுக்குக் கொண்டுவந்த வெள்ளைக்காரர் என்ற அளவில்தான் பலரும் அவரை அறிந்திருக்கிறார்கள். அவருடைய மற்ற முகம் எனக்கு இன்னும் சுவையாகப் பட்டது.

ரிக்கி 1881 டிசம்பர் 20-ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் தென்பகுதியில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மெத்தடிஸ்ட் கிறிஸ்துவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை விளையாடுவதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காக 1904-இல் சின்சினாட்டி குழுவில் கிடைத்த இடத்தையே இழந்தார். விளையாட்டாளராக அவர் சோபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர் அவர். 1907 ஜூன் மாதத்தில் ஒரு நாள், தோள் வலியோடு களமிறங்கிய அவருக்கு எதிராக வாஷிங்டன் குழுவினர் 13 முறை தளம் திருடி ஓடினார்கள்! பிறகு காசநோய் வந்தது, அதிலிருந்து மீண்டார், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1911-இல் பட்டம் பெற்றார். படித்துக்கொண்டே அப்பல்கலைக்கழகப் பேஸ்பால் குழுவுக்குப் பயிற்சியும் அளித்தார். கை பழுதானால் ஒரு விளையாட்டாளன் என்ன ஆவான் என்பதை அவர் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1917-இல் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவின் தலைவரானார். கடனில் மூழ்கிக் கிடந்த குழு அது. வருகிறவர்கள் முன்னால் கௌரவமாக இருக்கட்டும் என்று தம் வீட்டுக் கம்பளத்தை எடுத்துவந்து அலுவலகத்தில் விரித்தார் என்று சொல்வதுண்டு. அந்தக் காலத்தில் சிறிய ஊர்களில் சுதந்திரமாக இயங்கிய சிறு லீக் குழுக்களிடமிருந்துதான் பெரிய குழுக்கள் ஆட்களை விலைக்கு வாங்கின. ரிக்கிக்கு ஆளைக் கண்டுபிடிக்கும் கண் இருந்தது. வாங்கப் பணம் இல்லை. அவர் ஒருவரை விரும்புகிறார் என்று தெரிந்தாலே போதும், அந்தச் சிறு குழுவின் முதலாளி உடனே நியூயார்க்கிலுள்ள பணக்காரக் குழுவிடம் பேசி அதிக விலைக்கு விற்றுவிடுவார். ரிக்கியின் கண் ஊருக்கெல்லாம் இலவசச் சேவை செய்துகொண்டிருந்தது.

வாங்க முடியாவிட்டால் விளைவித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார். குழுவின் உரிமையாளர் சாம் பிரெடன் பழைய மைதானத்தை விற்ற பணம் கைக்கு வந்தது. ஹூஸ்டன், சிரக்யூஸ் போன்ற ஊர்களின் சிறு குழுக்களில் பங்கு வாங்கினார்கள். பையன்களைப் பதினேழு, பதினெட்டு வயதில் சேர்ப்பது, கீழ்நிலைக் குழுவில் ஆடவிடுவது, தேறியவர்களை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுவது. இதற்குப் பண்ணை முறை என்றே பெயர் வந்தது. 1940 வாக்கில் கார்டினல்ஸ் பண்ணையில் 30-க்கும் மேற்பட்ட குழுக்களும் 600-க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களும் இருந்தார்கள். இன்று பெரிய லீக்கின் எல்லாக் குழுக்களும் பின்பற்றும் முறை இது.

விளைச்சல் மிகுந்தால் விற்கத்தானே வேண்டும்? இங்கேதான் ரிக்கியின் புகழ்பெற்ற கொள்கை பிறக்கிறது. ஒருவரை ஓராண்டு தாமதமாக விற்பதைவிட ஓராண்டு முன்கூட்டியே விற்றுவிடுவது மேல் என்பது அவர் முடிவு. ஒருவருக்கு முப்பது வயது நெருங்கும்போது, பெயர் இன்னும் உச்சத்தில் இருக்கும்போதே, அவரைக் கேட்பவரிடம் கொடுத்துவிடுவார். அந்த இடத்துக்குப் பண்ணையில் ஒரு பையன் காத்திருப்பான்.

இந்தக் கொள்கையின் முழு வடிவத்தையும் பார்க்க வேண்டுமானால் 1938-க்குப் போக வேண்டும். டிஸ்ஸி டீன் ரிக்கியின் பண்ணையில் விளைந்த வீச்சாளர். 1934-இல் அவர் ஒரே பருவத்தில் 30 ஆட்டங்களில் வென்றார். தேசிய லீக்கில் அதன் பிறகு எவரும் அந்த எண்ணைத் தொடவில்லை. அதே ஆண்டு உலகத் தொடரில் அவரும் அவருடைய தம்பி பாலும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்களில் வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். வாய்த்துடுக்கும் நகைச்சுவையும் கொண்ட அந்த மனிதரை நாடே நேசித்தது. 1937 ஜூலையில் நட்சத்திர ஆட்டம் ஒன்றில் ஏர்ல் ஏவரில் அடித்த பந்து டீனின் கால்விரலில் பட்டு எலும்பு முறிந்தது. முழுவதும் குணமாகும் முன்பே அவர் மீண்டும் களமிறங்கினார். காலை ஊன்ற முடியாததால் வீசும் முறையை மாற்றிக்கொண்டார்; அந்த மாற்றத்தில் தோள் கெட்டது. வேகம் போய்விட்டது. அப்போது அவருக்கு 27 வயது.

சிகாகோ கப்ஸ் குழுவின் உரிமையாளர் பிலிப் ரிக்லி சூயிங்கம் வியாபாரத்தில் பெரும்பணம் படைத்தவர். டீன் வேண்டும் என்றார். டீனின் கைவலி இரகசியமல்ல. அதை அறிந்தேதான் கேட்டார்கள். 1938 ஏப்ரல் 16-ஆம் நாள் டீன் சிகாகோவுக்குப் போனார். ஈடாக ரிக்கிக்குக் கிடைத்தது 185,000 டாலரும் மூன்று விளையாட்டாளர்களும். அந்த மூவரில் இருவர் வீச்சாளர்கள்: கர்ட் டேவிஸ், கிளைட் ஷூன். பொருளாதார மந்தம் நீங்காத அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

யாருக்கு இலாபம்? ரிக்கியைப் புகழ்பவர்கள் உடனே சொல்லும் கணக்கு இது: டீன் சிகாகோவில் மூன்று பருவங்களில் மொத்தம் 16 ஆட்டங்களில்தான் வென்றார். கர்ட் டேவிஸ் 1939-இல் மட்டும் செயின்ட் லூயிசுக்காக 22 ஆட்டங்களில் வென்றார். எண்ணைப் பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை.

ஆனால் நான் அந்த 1938-ஆம் பருவத்தை நிறுத்தி நிதானமாகப் பார்க்கிறேன். டீன் அந்த ஆண்டு சிகாகோவுக்காக ஏழு ஆட்டங்களில் வென்றார், ஒன்றில்தான் தோற்றார். சிகாகோ இரண்டே ஆட்ட இடைவெளியில் பிட்ஸ்பர்க்கை முந்தி லீக்கில் முதலிடம் பெற்றது. செப்டம்பர் 27-ஆம் நாள் பிட்ஸ்பர்க்குக்கு எதிரான முக்கியமான ஆட்டத்தில் வேகமே இல்லாத அந்தக் கையோடு, மெதுவான பந்துகளை வைத்தே டீன் 2-1 என்று வென்று கொடுத்தார். பிறகு உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், யாங்கீஸ் குழுவின் மகத்தான மட்டையாளர்களை எட்டாம் இன்னிங்ஸ் வரை 3-2 என்று தடுத்து வைத்திருந்தார். பிராங்க் குரோசெட்டி அடித்த ஹோம் ரன்னில் அது சரிந்தது. தோற்றார்கள்தான். ஆனாலும் அன்று அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிகாகோ ரசிகரிடம் போய், உங்கள் குழு ஏமாந்துவிட்டது என்று சொன்னால் ஒத்துக்கொண்டிருப்பாரா? சிகாகோ வாங்கியது ஒரே ஒரு கோடைகாலம். கேட்ட கோடைகாலம் அவர்களுக்குக் கிடைத்தது. டீனை விற்ற ரிக்கியின் குழு அந்த ஆண்டு ஆறாவது இடத்தில் முடித்தது.

ரிக்கிக்கும் இது தெரியாததல்ல. பசியோடு இருந்த காலத்தில் அவருடைய குழுவும் வாங்கியிருக்கிறது. 1926 ஜூனில் சிகாகோ கைவிட்ட குரோவர் அலெக்சாண்டர் என்ற 39 வயது வீச்சாளரைக் கார்டினல்ஸ் பெயரளவு விலைக்கு எடுத்தது. குடிப்பழக்கமும் வலிப்பு நோயும் உள்ள கிழட்டு வீச்சாளர் என்று மற்றவர்கள் ஒதுக்கிய மனிதர். அவ்வாண்டு உலகத் தொடரில் இரண்டு ஆட்டங்களில் வென்றார். பிறகு ஏழாவது ஆட்டத்தின் இக்கட்டான கட்டத்தில், மூன்று தளங்களிலும் யாங்கீஸ் ஆட்கள் நிற்க, டோனி லஸ்ஸேரியை வெளியேற்றிக் கோப்பையைக் காப்பாற்றினார். வித்தியாசம் ஒன்றுதான்: அலெக்சாண்டருக்காக ரிக்கியின் குழு ஒரு பையனைக்கூடக் கொடுக்கவில்லை.

பண்ணை என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் விளைந்தவை நெல்மணிகள் அல்ல, மனிதர்கள். அன்றைய ஒப்பந்த விதிப்படி ஒருவர் ஒரு குழுவில் கையெழுத்திட்டுவிட்டால், அந்தக் குழு விற்கும்வரை அல்லது விடுவிக்கும்வரை அதன் சொத்து. வேறு இடம் தேட உரிமையில்லை. அறுநூறு பேரில் மேலே போனவர்கள் சிலர். மற்றவர்கள் மேலே இடம் காலியாகும் என்று காத்திருந்தே வயதானார்கள். போதாக்குறைக்கு, குழுவின் இலாபத்தில் ரிக்கிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே ஒருவரை விற்கும்போது அது குழுவின் எதிர்காலத்துக்காகவா, அவருடைய பைக்காகவா என்று பத்திரிகைகள் கேட்டன, கேட்டதில் தவறில்லை. பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் இந்த முறையை வெறுத்தார். 1938 மார்ச்சில், அதாவது டீன் விற்கப்பட்டதற்குச் சில வாரங்கள் முன்பு, விதிமீறல் காரணமாகக் கார்டினல்ஸ் பண்ணையிலிருந்து 70-க்கும் மேற்பட்டவர்களை விடுவித்து உத்தரவிட்டார். தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காத்த மனிதர், சம்பளம் பேசும்போது பையன்களிடம் மகா கருமி. இரண்டும் ஒரே ஆள்தான். இதை மறைத்து அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை.

விளைச்சல் என்னவோ வந்தது. பண்ணையில் இளம் வீச்சாளராக இருந்த ஒருவர் 1940-இல் தோளில் அடிபட்டு, வீசுவதை விட்டு மட்டை பிடித்தார். அவர்தான் ஸ்டான் மியூசியல்; பின்னாளில் 3,630 அடிகள் அடித்தார். 1942-இல் 22 ஆட்டங்களில் வென்ற மார்ட் கூப்பரும் 21 ஆட்டங்களில் வென்ற ஜானி பீஸ்லியும் அதே பண்ணைப் பிள்ளைகள். அவ்வாண்டு கார்டினல்ஸ் 106 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடரில் யாங்கீஸையும் வீழ்த்தியது. அந்தப் பருவத்தோடு ரிக்கி செயின்ட் லூயிஸை விட்டு வெளியேறினார். மறுவிளைச்சலை உண்டவர்கள் வேறு ஆட்கள்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் அவர் செய்ததை நண்பர்கள் பலர் அறிவீர்கள். போர்க்காலத்தில் மற்றக் குழுக்கள் செலவைக் குறைத்தபோது அவர் பதின்ம வயதுப் பையன்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்த கதவை ராபின்சனைக் கொண்டு திறந்தார். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்சன் பெரிய லீக்கில் களமிறங்கினார். அறமும் கணக்கும் அங்கே கைகோத்து நடந்தன. ராபின்சன் ஆடிக்கொண்டிருந்த கன்சாஸ் சிட்டிக் குழுவுக்கு ரிக்கி ஒரு காசும் ஈடாகக் கொடுக்கவில்லை என்பதும் வரலாறு.

அங்கே நடந்த ஒரு பரிமாற்றம் எனக்குப் பிடித்தமானது. ரசிகர்களின் செல்லப்பிள்ளை டிக்சி வாக்கர் ராபின்சனோடு ஒரே குழுவில் ஆட விருப்பமின்றித் தம்மை வேறு குழுவுக்கு மாற்றும்படி கேட்டிருந்தார். 1947-இல் வாக்கரை வைத்துக்கொண்டு லீக்கை வென்ற ரிக்கி, அந்த டிசம்பரில் அவரை வேறு இரு வீச்சாளர்களோடு பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார். வாக்கருக்கு அப்போது வயது 37. ஈடாக வந்தவர்களில் ஒருவர் அந்த ஆண்டு நான்கில் வென்று பதினைந்தில் தோற்றிருந்த பிரீச்சர் ரோ. இவரையா வாங்கினார் என்று யாரும் கேட்கலாம். ரோ புரூக்ளினுக்காக ஏழு பருவங்களில் 93 வெற்றி, 37 தோல்வி. வீச்சாளர் தேவைப்படும்போது பண்ணையைத் தொடாமல் முடிந்துபோகும் பெயரைக் கொடுத்து வாங்குவது, அதுதான் ரிக்கி.

1950-இல் பங்காளிச் சண்டையில் புரூக்ளினை விட்டு அதே பிட்ஸ்பர்க்குக்குப் போனார். அங்கே கணக்கு கசந்தது. 1952-இல் குழு 112 ஆட்டங்களில் தோற்றது. மக்கள் பார்க்க வந்த ஒரே ஆள் ரால்ஃப் கைனர். 1953-இல் அவரையும் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டார். பொறுங்கள், விளையும் என்றார். ஊர் பொறுக்கவில்லை, 1955-ஆம் பருவத்தோடு அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குள் புரூக்ளின் பண்ணையிலிருந்து, அதாவது தாமே உழுது வைத்த நிலத்திலிருந்து, ஆள் எடுக்கும் விதியைப் பயன்படுத்தி ராய் ஃபேஸ், ராபர்ட்டோ கிளெமென்ட்டே இருவரையும் எடுத்துவந்திருந்தார்.

1960-இல் பிட்ஸ்பர்க் உலகத் தொடரை வென்றது. நடுப்பருவத்தில் வீச்சாளர் பற்றாக்குறை வந்தபோது, ரிக்கிக்குப் பின் வந்த மேலாளர் ஜோ பிரவுன், ஹூலியன் ஹாவியர் என்ற பண்ணைப் பையனைச் செயின்ட் லூயிசுக்குக் கொடுத்து வினிகர் பெண்ட் மிசெல் என்ற வீச்சாளரை வாங்கினார். மிசெல் 13 ஆட்டங்களில் வென்றார். ஹாவியரின் இடத்தில் பிட்ஸ்பர்க்கில் மாசெரோஸ்கி என்ற மகாவீரர் இருந்ததால் பையனுக்கு அங்கே வாய்ப்பே இல்லை. கொடுத்தவருக்கும் இலாபம், வாங்கியவருக்கும் இலாபம். விதைநெல் மிகுதியாக இருந்தால் கொஞ்சம் குத்தியும் தின்னலாம் போலும்!

ரிக்கியின் கடைசிக் காட்சி மீண்டும் செயின்ட் லூயிசில். 1962 இறுதியில், எண்பதைக் கடந்த வயதில், ஆலோசகராக வந்தார். வந்ததும் சொன்ன ஆலோசனை, மியூசியல் ஓய்வு பெறட்டும் என்பது. தம் பண்ணையிலேயே விளைந்து ஊரே கொண்டாடிய மனிதருக்கும் அதே பழைய கொள்கைதான். ஊர் கொதித்தது. 1964 ஜூனில், சிகாகோவுக்கு மீண்டும் வீச்சாளர் பசி வந்தது. முந்திய ஆண்டில் 18 ஆட்டங்களில் வென்ற எர்னி புரோக்லியோவைப் பெறுவதற்காக, லூ பிராக் என்ற இளைஞரைச் செயின்ட் லூயிசுக்குக் கொடுத்தார்கள். புரோக்லியோவின் கை பழுதாகி, சிகாகோவில் அவர் வென்றவை மொத்தம் ஏழே ஆட்டங்கள். பிராக் 938 தளங்கள் திருடிப் புகழ்மன்றம் புகுந்தார். ரிக்கியின் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்ததுபோன்ற அந்தப் பரிமாற்றத்தைச் செய்தவர் ரிக்கி அல்ல, பொது மேலாளர் பிங் டிவைன். அந்த டிவைன் ஆகஸ்ட்டில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். ரிக்கியின் ஆலோசனைதான் காரணம் என்று பலரும் கருதினார்கள். அக்டோபரில் பிராக்கும் ஹாவியரும் ஆடிய கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. டிவைனுக்கு அவ்வாண்டின் சிறந்த நிர்வாகி விருது கிடைத்தது. ரிக்கிக்கும் அந்தப் பருவத்தோடு வேலை போயிற்று.

மறு ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், மிசௌரி மாநில விளையாட்டுப் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்க்கும் விழா கொலம்பியா நகரில் நடந்தது. காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்தவர் எழுந்து வந்து மேடையேறினார். துணிவைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஒரு கதையின் நடுவில் நிலைதடுமாறிச் சரிந்தார். மீண்டும் நினைவு திரும்பவில்லை. 1965 டிசம்பர் 9-ஆம் நாள் காலமானார். எண்பத்து நான்காவது பிறந்தநாளுக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன.